சிவப்பைத் தாண்டாத கப்பல்

1938, ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகமே இல்லை என்று எழுதினால் பொய். மேற்கே மூன்று துண்டு மேகம் இருந்தது, மழைக்கு ஆகாதவை. வடகிழக்கிலிருந்து மிதமான காற்று. ஏரி நிறையத் தண்ணீர்.

அந்த நேரத்தில்தான், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பருத்திப்பட்டு ஏரிக்கரையில், எங்கள் கப்பலில் ஏறுவதற்குப் போட்டிருந்த பலகையின் மேல் ஒரு பெண் கால் வைத்தாள். அவளுக்கு முன்னால் அவள் அப்பா. பின்னால் அவள் அத்தை. மூன்று முழு டிக்கெட், பன்னிரண்டு அணா. ஏரியைச் சுற்றிப்பார்க்க வந்த சாதாரணப் பிரயாணிகளைப் போல அவர்கள் நடித்தார்கள். அவர்கள் என்னை மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது தெரியாதவனைப் போல நான் நடித்தேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூன்று சம்பந்தங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றுக்கும் இந்தக் கப்பல்தான் காரணம். இது நாலாவது.

கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளம் நாற்பத்திரண்டு அடி, அகலம் ஒன்பது அடி, நடுவில் ஒரு பாய்லர், அதன் மேல் ஓர் ஆள் உயரப் புகைபோக்கி. ஒரு காலத்தில் துறைமுகத்தில், தூரத்தில் நிற்கும் பெரிய கப்பல்களுக்கு வெள்ளைக்காரத் துரைகளை ஏற்றிக்கொண்டு போய்வந்த நீராவிப் படகு அது. வயதாகிவிட்டது என்று அங்கே கழித்துக்கட்டி ஏலம் விட்டார்கள். அம்பத்தூரில் அரிசி மில் வைத்திருந்த எங்கள் முதலாளி அந்த ஏலத்துக்கு ஒரு தராசு வாங்கத்தான் போனார். தராசு விலை ஏறிவிட்டது என்று கப்பலை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கட்டை வண்டிகளை ஒன்றாகப் பூட்டி, அதன் மேல் கப்பலை ஏற்றி, எட்டு ஜோடி மாடு கட்டி, ஐந்து நாள் இழுத்து ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். ஏரியில் விட்டபோது ஊர் ஜனம் முழுவதும் கரையில் நின்றது. அது மூழ்குவதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள் என்பதைப் பிறகு அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

மூழ்கவில்லை. ஆனால் மூழ்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரியெல்லாம் மரத்தின் இடுக்குகள் வழியே தண்ணீர் ஊறி அடித்தட்டில் நிற்கும். காலையில் கைப்பம்பை முந்நூறு முறை அடித்தால்தான் தரை தெரியும். வாரத்துக்கு ஒருநாள் இடுக்குகளில் பஞ்சும் தாரும் திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் ஊறும். மேலே நிழலுக்குக் கட்டியிருந்தது மில்லின் அரிசிச் சாக்குகள்தான். வெள்ளைச் சாயம் பூசியிருந்தோம். வெயில் ஏறியதும் சாக்கில் அச்சடித்த எழுத்து சாயத்துக்கு மேல் தெரிய ஆரம்பிக்கும். சவுக்குக் கட்டை எரித்துத்தான் நீராவி. ஊதலை ஒருமுறை ஊதினால் அதற்கே பாதி நீராவி போய்விடும், கப்பல் சோர்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பும்.

இதற்கு "உல்லாசப் பிரயாணம்" என்று முதலாளி நோட்டீஸ் அடித்துவிட்டார். பட்டணத்திலிருந்து ஜனங்கள் ரயிலில் ஆவடிக்கு வந்து, ஜட்கா பிடித்து ஏரிக்கு வருவார்கள். பெரியவர்களுக்கு நாலு அணா, குழந்தைகளுக்கு இரண்டு. கீழ்க்கரைத் துறையில் கிளம்பி, மேல்கரையில் கன்னியம்மன் கோவிலுக்கு எதிரே திரும்பி, ஒரு மணி பத்து நிமிடத்தில் கொண்டுவந்து சேர்ப்போம். ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பினால் பங்குனி வரை கப்பல் ஓடும். பிறகு வயலுக்குத் தண்ணீர் போய்ப்போய் ஏரி வற்றி, கப்பல் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். ஆடுகள் மேலே ஏறி நின்று சாக்கு நிழலில் அசைபோடும். கப்பல் தண்ணீரில் இருக்கும்வரை எனக்கு மாதம் பதினெட்டு ரூபாய். சேற்றில் இருக்கும்போது ஒன்பது.

சம்பந்தங்கள் இந்த இடத்தில்தான் தட்டிப்போயின. "மாப்பிள்ளை பாதி வருஷம் தண்ணியில, பாதி வருஷம் சேத்துல" என்று முதல் பெண் வீட்டார் சொன்னது மற்ற இரண்டு வீட்டுக்கும் நாங்கள் பேசப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

என்னைத் தவிரக் கப்பலில் இரண்டு பேர். பாய்லரையும் எஞ்சினையும் பார்த்துக்கொண்டவர் ரயில்வேயில் முப்பத்து மூன்று வருஷம் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அயனாவரம். தன்னை டிரைவர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். சுக்கான் பிடித்தவர் ராயபுரத்துக்காரர். துறைமுகப் படகுகளிலேயே முடி நரைத்தவர். ஒருவர் புராட்டஸ்டண்டு, ஒருவர் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோவிலிலும் ஆராதனை முடிந்து இருவரும் வந்து சேர்ந்தால்தான் அடுப்பே மூட்ட முடியும். அதனால் எங்கள் முதல் பிரயாணம் ஒரு மணிக்குமேல்தான்.

இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம், டிரைவர் கப்பலை "வண்டி" என்று சொல்லிவிட்டார். எட்டடி தூரத்தில் எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, எல்லாவற்றையும் என் வழியாகச் சொல்லி அனுப்புவார்கள்.

"தம்பி, அந்த அடுப்பூதுற ஆளாண்ட சொல்லு, காத்து மாறுது, கொஞ்சம் வேகம் குடுக்கச் சொல்லு."

"நைனா, அந்தத் துடுப்புக்காரராண்ட சொல்லு, என் வண்டிக்கு டைம்டேபிள் கீது. காத்துக்கு இல்ல."

இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி முழுவதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் "அதையும் சொல்லு" என்பார்கள்.

டிரைவர் ரயில்வேயை விட்டு வந்தாரே தவிர, ரயில்வே அவரை விட்டுப் போகவில்லை. டிக்கெட் கொடுப்பது, பம்பு அடிப்பது, டீ போடுவது ஆகியவற்றோடு என்னை ரயில் கார்டாகவும் ஆக்கிவிட்டார். பச்சை, சிவப்பு என்று இரண்டு கொடிகள் அவர் மனைவியே தைத்துக் கொடுத்தார். கப்பலின் வாலில் நின்று நான் பச்சைக் கொடி காட்டாமல் அவர் எஞ்சினைத் திறக்க மாட்டார். "தண்ணியில இன்னா கொடி?" என்று சுக்கான்காரர் ஏரியைப் பார்த்துக் கேட்பார். அதற்கு மட்டும் டிரைவர் பதில் சொல்லி அனுப்பியதில்லை.

நாலாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் முத்தாபுதுப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. பெண் வீட்டார் சென்னீர்குப்பத்தில் பழைய விவசாயக் குடும்பம். நெல்லும் மல்லிகைத் தோட்டமும் உண்டு. பெண் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அவள் அப்பாவுக்கு யார் பேச்சிலும் நம்பிக்கை கிடையாது, நேரில் பார்த்தால்தான் உண்டு.

"ஞாயித்துக்கெழம கடைசி சவாரிக்கு வர்றாங்களாம்" என்றாள் அக்கா. "தெரிஞ்ச மாரி பல்ல காட்டாத. டிக்கெட்டு காசு கரீட்டா வாங்கிடு."

"வாங்கினா கருமின்னு சொல்ல மாட்டாங்களா?"

"ஓசியில ஏத்தினா மொதலாளி காசுல தாராளம் காட்றான்னு சொல்லுவாங்க. கருமிக்காச்சும் பொண்ணு குடுப்பாங்கடா. இது போச்சின்னா என்னை வுட்டுடு. அஞ்சாவதுக்கு நான் எங்கியும் போய் நிக்க மாட்டேன்."

ஆகவே நான் பன்னிரண்டு அணாவை எண்ணி வாங்கினேன். அன்றைக்கென்று இரண்டே முக்கால் ரூபாய்க்குப் புது பூட்ஸ் வாங்கிப் போட்டிருந்தேன். அது என் குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கவலை. காற்று கொஞ்சம் கூடுதல் என்று ஒரு கவலை. சாக்கில் "அரிசி" என்ற எழுத்து நேராக அத்தை உட்காரப்போகும் நாற்காலிக்கு மேலே தெரிகிறதே என்று இன்னொரு கவலை.

அத்தை பலகையை ஒரு காலால் அழுத்திப் பார்த்தாள். "இன்னாது இது, ஆடுது?"

"கப்பலுங்க. ஆடும்."

"ஊட்ல கட்டில் ஆடினாவே எனக்குத் தூக்கம் வராது. அண்ணே, இதுல நான் இன்னாத்துக்கு?"

அவள் அண்ணன், அதாவது பெண்ணின் அப்பா, காதில் வாங்கவில்லை. அவர் கப்பலைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கப்பலுதானே சென்னீர்குப்பத்துல திரும்பறப்ப என் புளியமரத்துக் கெளைய ஒடிச்சிகினு வந்தது?"

அந்தக் கிளை யாருடையது என்று நாலு வருஷமாக எனக்குத் தெரியாது. "ஒடிச்சது வண்டிங்க. கப்பல் சும்மா மேல குந்திகினு இருந்தது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெண் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் இரண்டு முறை குலுங்கியது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பச்சைக் கொடி காட்டினேன், ஊதல் ஊதியது, கப்பல் சோர்ந்து, சமாளித்து, கிளம்பியது. பட்டணத்துக் குமாஸ்தாக்கள் சிலர், கல்யாணமான புது ஜோடி ஒன்று, குழந்தைகள் நாலு. பெண்ணின் அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். பாய்லரில் கை வைத்துச் சுட்டுக்கொண்டார். கட்டை எவ்வளவு, வரும்படி எவ்வளவு, முதலாளிக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் அணா பிசகாமல் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்காதது பயமாக இருந்தது.

அப்போது அந்தப் பெண், பக்கவாட்டில் மாட்டியிருந்த கார்க்கு மிதவை வளையங்களைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "வளையம் பன்னண்டு கீது. ஆளு முப்பத்தி நாலு கீறோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு வருஷமாக நான் தனியாகப் பட்டுவந்த கவலை அது. இருந்தாலும் கணக்கு தவறாக இருந்தது. "முப்பத்தொண்ணுங்க" என்றேன். "முழு டிக்கெட் இருபத்தேழு, அரை டிக்கெட் நாலு."

"நீங்க மூணு பேரு மெதப்பீங்களா?"

எங்கள் மூன்று பேரையும் நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

"கரையோரம் ஏரி இடுப்பளவுதாங்க" என்று சமாளித்தேன்.

"நடுவுல?"

"நடுவுல சீக்கிரம் தாண்டிடுவோம்."

"சீக்கிரமா? இந்த வேகத்துலியா?" என்றாள். அத்தை அவள் முழங்கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் பெண் பேசிவிட்டாள் அல்லவா?

மேல்கரை நெருங்கியது. கன்னியம்மன் கோவில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்துக்கு வந்தபோது எஞ்சின் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது.

நான் ஓடினேன். டிரைவர் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அமைதியாக நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சிங்க?"

"சிக்னல் விழல" என்றார். ரயில்காரர் பாஷையில், போக வழி விடவில்லை என்று அர்த்தம்.

"எந்தச் சிக்னலு?"

மோவாயைக் கரைப் பக்கம் நீட்டினார். பருத்திப்பட்டில் இரண்டு நாள் முன்பு ஒரு கல்யாணம் நடந்திருந்தது. பந்திக்கு விரித்த பெரிய சிவப்பு ஜமக்காளத்தை யாரோ துவைத்து, கோவிலுக்குப் பக்கத்தில் இரண்டு மூங்கில் நட்டு உலரப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். சரியாக நாங்கள் திரும்பும் இடத்துக்கு எதிரே, உயரத்தில், பளிச்சென்று.

"அது ஜமக்காளங்க."

"ஜமக்காளம்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் கண்ணு கீது. இன்னா கலரு?"

"சிவப்பு."

"அவ்ளோதான்."

பின்னாலிருந்து சுக்கான்காரர் கத்தினார். "தம்பி! அந்தாளாண்ட சொல்லு, ஓட்டம் இல்லன்னா சுக்கான் கேக்காது. காத்து தள்ளிகினு போவுது!"

சொன்னேன். "சிக்னல் விழட்டும், போலாம்" என்றார் டிரைவர். அதையும் திரும்பிச் சொன்னேன். இப்படி நான் இரண்டு பக்கமும் சொல்லி முடிப்பதற்குள் வடகிழக்குக் காற்று கப்பலை அலுங்காமல் தள்ளிக்கொண்டுபோய், தென்மேற்கு மூலையில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களுக்கு நடுவே செருகிவிட்டது. கிளைகள் பக்கவாட்டில் கிறீச்சென்று உரசின. அடிப்பாகம் சேற்றில் மெத்தென்று உட்கார்ந்தது. நங்கூரம் போட்டிருக்கலாம். ஆனால் நங்கூரம் ஒரு மாதமாக மில்லில் இருந்தது. முதலாளி அதில் தன் காளையைக் கட்டியிருந்தார்.

"ஐயோ, முழுகறோம்!" என்றாள் அத்தை.

"முழுகலைங்க. நிக்கறோம்" என்றேன். அதுதான் அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்த நல்ல செய்தி.

புது ஜோடியைத் தவிர எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஏழு மணி ரயில் போய்விடும் என்றார் ஒரு குமாஸ்தா. பணத்தைத் திருப்பிக் கொடு என்றார் இன்னொருவர். நான் கம்பால் ஆழம் பார்த்தேன். இடுப்பளவுதான். ஆண்கள் இறங்கித் தள்ளினால் கப்பல் வந்துவிடும். யாரை இறங்கச் சொல்வது என்று தெரியாமல் நானே முதலில் குதித்தேன். இடது பூட்ஸ் முதல் அடியிலேயே சேற்றுக்குள் போயிற்று. வலது மூன்றாவது அடியில் போயிற்று. சட்டைப் பையிலிருந்த கடிகாரம் நின்றது. பிறகு அதைப் பழுது பார்க்க மூன்றரை ரூபாய் ஆயிற்று.

எனக்குப் பக்கத்தில் தண்ணீர் தெறித்தது. திரும்பினால் பெண்ணின் அப்பா. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்.

"நீங்க எதுக்குங்க?"

"சேத்துல நடக்கத் தெரிஞ்சவன் இங்க ஒருத்தனும் இல்ல. குதிகால ஊனாத. விரல ஊனு" என்றார்.

அவரைப் பார்த்துப் பட்டணத்துக்காரர்கள் ஏழு பேர் இறங்கினார்கள். சுக்கான்காரர் மேலே நின்று "ஏலேலோ" என்று குரல் கொடுக்க, நாங்கள் "ஐலசா" என்று தள்ளினோம். ஆறாவது ஐலசாவில் கப்பல் நகர்ந்தது. அதே ஐலசாவில் ஒரு கருவேல முள் பெண்ணின் அப்பாவுடைய வேட்டியைப் பிடித்து, இடுப்பிலிருந்து கீழ்வரை நேராகக் கிழித்துவிட்டது. அவர் தண்ணீரைவிட்டு வெளியே வர முடியாதபடி ஆகிவிட்டது.

நான் மேலே ஏறி, சேறு சொட்டச் சொட்ட, வாலுக்கு ஓடிப் பச்சைக் கொடியைக் காட்டினேன். எஞ்சின் கிளம்பவில்லை.

"கார்டு பச்சை காட்டினா போதாது" என்றார் டிரைவர். "ஹோம் சிக்னல் இன்னும் சிவப்புல கீது. அதத் தாண்டணும்னா ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு உத்தரவு குடுக்கணும்."

"ஏரியில ஸ்டேஷன் மாஸ்டருக்கு நான் எங்கங்க போவேன்?"

"அது டிராபிக் டிபார்ட்மெண்டு வேலை. என் வேலை இல்ல."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் கல்யாணம் தண்ணீரில் நிற்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் இளகியது. குரலைத் தாழ்த்தி, "முப்பத்து மூணு வருஷத்துல ஒரு சிவப்பக்கூட நான் தாண்டினது இல்ல, நைனா. இன்னிக்கு ஜமக்காளந்தானேன்னு தாண்டினா, கைக்கு அது பழகிடும்" என்றார்.

"நீங்கதான் இப்ப ரயிலு ஓட்டறதில்லியே?"

"தினமும் கனவுல ஓட்டறேனே."

கீழே பெண்ணின் அப்பாவும் ஏழு பட்டணத்துக்காரர்களும், காற்று மறுபடி தள்ளாமல் கப்பலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "யோவ்! எவ்ளோ நேரம் புடிச்சிகினு கீறது? மாடா இது?" என்று அவர் கத்தினார். புளியங்கிளைக்கு மேல் வேட்டி. வேட்டிக்கு மேல் இது. நாலாவது சம்பந்தம் என் கண் எதிரே இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெண் எழுந்து வந்தாள். அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் டிரைவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஐயா, ரயிலு லைனு யாருக்குச் சொந்தம்?"

"கம்பெனிக்கு."

"ஸ்டேஷன் மாஸ்டரு?"

"கம்பெனி ஆளு."

"இங்க லைனு எது? தண்ணிதானே. தண்ணி இதுல பாசனம் பண்ற ஆயக்கட்டுக்காரங்களுக்குச் சொந்தம். எங்கப்பாவுக்கு இந்த ஏரிக்குக் கீழ ஆறு காணி நெலம் கீது. ரெண்டாவது மதகுல அவருக்கு மொறை. அவரு கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவீங்களா?"

டிரைவர் ஜமக்காளத்தைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். தண்ணீரில் நின்ற அவள் அப்பாவைப் பார்த்தார்.

"நாயம்" என்றார்.

என் பென்சிலை வாங்கி, விற்காத டிக்கெட் ஒன்றின் பின்புறத்தில், டிரைவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: சிவப்பில் நிற்கும் சிக்னலைத் தாண்டிச் செல்ல இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது. குனிந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"நீங்க ஸ்டேஷன் மாஸ்டருப்பா. கையெழுத்துப் போடுங்க."

"நானா?"

"ஆயக்கட்டு உங்களுதுதானே?"

அவர் ஒரு கையால் கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கப்பலின் பக்கப்பலகையில் டிக்கெட்டை வைத்து, மிக நிதானமாக முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிலப் பத்திரத்தில்கூட அவ்வளவு நிதானமாகப் போட்டிருக்க மாட்டார். டிரைவர் அதை இரண்டு முறை படித்தார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சலாம் வைத்தார்.

"ரைட், மாஸ்டர்!"

தண்ணீரில் நின்ற மனிதர் ஒரு சாண் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"அண்ணே, சட்டுனு ஏறு!" என்றாள் அத்தை. "ஸ்டேஷன் மாஸ்டரத் தண்ணியில வுட்டுட்டு வண்டி பூடப்போவுது." தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிக்கொள்ளக் கொடுத்தாள்.

எல்லோரும் ஏறினார்கள். டிரைவர் ரெகுலேட்டரில் கை வைத்தார். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் என்னைப் பார்க்காமல், நேராக வாலைப் பார்த்து, "சுக்கானப் புடிங்க" என்றார்.

"புடிச்சிகினுதான் கீறேன்" என்றார் சுக்கான்காரர். "வண்டிய எடுங்க."

வண்டி என்று அவரே சொல்லிவிட்டார். நான் கேட்டேன்.

ஜமக்காளத்தைத் தாண்டிப் போகும்போது பிரயாணிகள் கை தட்டினார்கள். நனைந்து நடுங்கியவர்களுக்காகப் பாய்லரிலிருந்து நீராவிக் குழாயைக் கெட்டிலில் விட்டு டீ போட்டேன். இறங்கினவர்களுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று பெரியவர்கள் இருபத்தேழு பேருக்கும் கொடுத்தேன். குவளை அரை அணா வீதம் பதின்மூன்றரை அணா. யாரிடமும் வாங்கவில்லை. பெண் தன் பங்கை வாங்கிக்கொண்டு, "நீங்க மூணு பேரும் குடிக்கல" என்றாள்.

துறைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. ரயிலைத் தவறவிட்ட குமாஸ்தாக்கள் டிக்கெட் காசைக் கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுப்பதுதான் முறை என்று முப்பத்தொரு பேருக்கும் எண்ணிக் கொடுத்தேன். ஏழு ரூபாய் நாலு அணா. முதலாளி அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார் என்று தெரிந்துதான் கொடுத்தேன். கடைசியில் பெண்ணின் அப்பா வந்தார். அவரும் கையை நீட்டினார். பன்னிரண்டு அணாவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிப் பார்த்து, சால்வை மடிப்பில் செருகிக்கொண்டார்.

"சம்பளம் இன்னா?" என்று அப்போதுதான் கேட்டார்.

"தண்ணியில பதினெட்டுங்க. சேத்துல ஒன்பது."

கேட்டுக்கொண்டு போய் ஜட்காவில் ஏறிவிட்டார். ஜட்கா போன பிறகு நான் வெறுங்காலோடு கப்பலின் விளிம்பில் உட்கார்ந்தேன். டிரைவர் ஒரு பக்கமும் சுக்கான்காரர் ஒரு பக்கமும் உட்கார்ந்து, இந்தச் சம்பந்தம் போனதற்கு யார் காரணம் என்று, என் வழியாக இல்லாமல் நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு சிரித்தாள்.

"இன்னாடா பண்ணி வெச்ச அந்த ஆள? ஊரெல்லாம் சொல்லிகினு திரியறாராம். நான் கையெழுத்துப் போட்டாத்தான் கப்பலு நவரும்னு."

"மாப்பிள்ளையைப் பத்தி?"

"அதையும் கேட்டேன். மாப்பிள்ள கெடக்கறாரு, கப்பலு நம்ம ஊட்டுக் கப்பலு, வெளிய வுட முடியுமா அப்டின்றாரு. பொண்ணக் கேட்டா, அங்க ஆள் எண்ண ஒருத்தர் பத்தாதுன்னுச்சாம்." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அத்தைக்காரி கிழிஞ்ச வேட்டிக்குப் பதிலு வேற வேட்டி கேக்கறா."

பூந்தமல்லி கடைத்தெருவில் நல்ல கரை போட்ட வேட்டியாக, ஒரு ரூபாய் பத்தணாவுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேலே எங்கிருந்தோ வாங்கிய ஒரு கருப்புக் கோட்டுடன் மேல்கரையில் வந்து நின்றார். கரையில் சிவப்பாக எது உலர்ந்தாலும் எடுக்கச் சொன்னார். நாங்கள் வருவது தெரிந்ததும் அத்தையின் பழைய பச்சைப் புடவையை மூங்கிலில் ஏற்றினார். டிரைவர் ஊதல் ஊதி மரியாதை செய்தார். நீராவி போய்க் கப்பல் நின்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, என்னைத் தவிர. பங்குனி வரை ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. டிக்கெட் வாங்காமல் ஏறுவதற்கு ஸ்டேஷன் மாஸ்டருக்கு உரிமை உண்டு என்று டிரைவரே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அப்போது கப்பல் சேற்றில் இருந்ததால் எனக்கு லீவு கேட்க வேண்டிய தொல்லை இருக்கவில்லை. கப்பல் அதன் பிறகு மூன்று மழைக்காலம் ஓடியது. யுத்தம் வந்து இரும்பு விலை ஏறியதும் முதலாளி பாய்லரை விற்றுவிட்டார். அதை வண்டியில் ஏற்றிய அன்று டிரைவர் தன் கையாலேயே அதைத் துடைத்துக் கொடுத்தார். "ஒரு சிவப்பக்கூட அனுமதியில்லாம தாண்டல, பாத்துக்க" என்று வண்டிக்காரனிடம் சொன்னார். சுக்கான்காரர் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டினார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கல்யாணச் செலவைச் சேர்க்கவில்லையே என்கிறாள். அது மாமனார் செலவு, என் கணக்கில் வராது. என் கணக்கு அந்த ஒரு சவாரிக்கு மட்டும்: திருப்பிக் கொடுத்த டிக்கெட், பூட்ஸ், கடிகாரம், டீ, வேட்டி. பதினாறு என்று முழுதாகவே எழுதிவிடுங்களேன், அரை அணாதானே குறைகிறது என்கிறாள். எழுத மாட்டேன். பதினைந்து ரூபாய், பதினைந்தரை அணா.